வெள்ளத்துக்குக் கவிதை போதாது

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. நம் முகநூலில் மழைக்கவிதைகள் தொடங்குகின்றன. முதலாவதை நிறுத்த நம்மால் முடியாது. இரண்டாவதை நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை, எழுதுகிறவர்கள் எழுதட்டும். என் கேள்வி வேறு. மழையில் நனையும் தெருநாய்க்காக உருகி உருகி எழுதும் நண்பர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியும்?

சும்மா கேட்கவில்லை. எங்கள் வாசிப்புக் குழுவில் ஒருமுறை இதைக் கேட்டேன். பதினான்கு பேரில் நான்கு பேர் கை தூக்கினார்கள். வீட்டில் டார்ச்லைட் வைத்திருப்பவர்கள் யார் என்றேன். "அதான் போன்ல இருக்கே" என்று சிரித்தார்கள். நல்ல வாசகர் ஒருவர், நான் மதிப்பவர், இப்படிச் சொன்னார்: "என்னா இது, சாரணர் கூட்டமா? நாவல் பேச வந்தோமா, கயிறு முடிச்சு போடப் பழக வந்தோமா?" மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியத் தமிழ் இளைஞர்கள், அதிலும் வாசிக்கிற, எழுதுகிற இளைஞர்கள், உயிர் காக்கும் அறிவைக் கீழான அறிவாக நினைக்கிறோம். அது போம்பாக்காரரின் வேலை, சாரணர் ஆசிரியரின் வேலை, பட்டறை அண்ணனின் வேலை. நமக்கு உரியது துயரத்தைப் பற்றிய அறிவு. துயரத்தைத் தடுக்கும் அறிவு அல்ல. கையால் செய்யும் வேலையை இழிவாகப் பார்த்த அதே பழைய புத்திதான் இது. இப்போது இலக்கிய ரசனை என்ற சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

சனிக்கிழமை விடிந்தபோது

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. தென்சீனக் கடலில் உருவான தாழ்வழுத்தம் பகாங் வழியாகத் தீபகற்பத்துக்குள் நுழைந்து மேற்குக் கரை வரை மழையைத் தள்ளிக்கொண்டு வந்தது. சிலாங்கூரில் சில இடங்களில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. பருவமழை என்றாலே அது கிளந்தான், திரங்கானுக்காரர்களின் கவலை என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். சனிக்கிழமை ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஆள் உயரத்தைத் தாண்டியது. மாடியிலும் கூரையிலும் ஏறியவர்கள் சோறு தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில், சிலர் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். மீட்க வந்த படகுகளில் பல, சொந்தக் காசில் வந்த பொதுமக்களின் படகுகள். அரசாங்கம் தாமதித்தது. குறைபாடுகள் இருந்ததை அன்றைய பிரதமரே மறுக்கவில்லை. அந்தப் பருவத்து வெள்ளங்களில் நாடு முழுக்க 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு நண்பர்களோடு அங்கே வீடு கழுவப் போனேன். சேறு, நாற்றம், வாசலில் மலைபோல் குவிந்த மெத்தைகள். அவற்றை எல்லாரும் புகைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். என் மனதில் நிற்பது வேறொன்று. ஒரு வீட்டின் பின்புறத் துணிக்கொடியில் பிறப்புப் பத்திரங்களையும் தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ்களையும் கிளிப் போட்டுக் காய வைத்திருந்தார் ஓர் அக்கா. மை கரைந்து, பெயர் இருந்த இடத்தில் நீல நிறம் மட்டும் இருந்தது. "சோபா போனா வாங்கிக்கலாம் தம்பி, இது போனா எந்த ஆபீஸ்ல போய் நிப்பேன்?" என்றார். சிவப்பு அடையாள அட்டையோடும், அடையாள அட்டையே இல்லாமலும் இன்னும் குடும்பங்கள் வாழும் சமூகம் இது. நம் ஆளுக்குப் பிறப்புப் பத்திரம் வெறும் காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருள், ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டு வெள்ளி.

இரண்டு வெள்ளிப் பை ஏன் அந்த வீட்டில் இல்லை? அக்காவுக்குப் பணம் இல்லாததால் அல்ல. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்?

நான்கு சாக்குகள்

முதல் சாக்கு அபசகுனம். ஒரு கோயில் நிர்வாகத்திடம் போய், திருவிழாக் கூட்டம் கூடும் நாளில் அரை மணி நேரம் வெள்ளத் தயார்நிலை பற்றிப் பேச அனுமதி கேட்டேன். பெரியவர் ஒருவர் மிகுந்த அன்போடு, "நல்ல நாள் அதுவுமா சாவு பத்திப் பேசாதீங்க தம்பி" என்றார். அந்தக் கோயில் தாழ்வான இடத்தில், சாக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ராகுகாலம் பார்த்துக் கார் எடுக்கும் மனிதர்கள், மழைக்காலம் பார்த்துக் காரை மேட்டில் நிறுத்த மாட்டார்கள். விபூதி பூசிக்கொண்டே லைஃப் ஜாக்கெட்டும் போட்டுக்கொள்ளலாம். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

இரண்டாவது சாக்கு, "போம்பா வருவாங்க லா." வருவார்கள். ஆனால் ஒரே இரவில் ஆயிரம் வீடுகள் அழைத்தால் எந்த வீட்டுக்கு முதலில்? 999-க்கு அழைப்பது அவசியம். அதை மட்டும் நம்பியிருப்பது முட்டாள்தனம். வெள்ளமானாலும் மண்சரிவானாலும் முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் பக்கத்தில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான். 2022 டிசம்பர் 16, பத்தாங் காலியில் நள்ளிரவுக்குப் பிறகு மண் சரிந்து முகாமில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில் பூத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பிடித்தபோது மக்கள் கையில் கிடைத்ததோடு வெறுங்காலில் ஓடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சில சமயம் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டியதை முந்தின மாதமே யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது சாக்கைச் சாக்கு என்றே பலருக்குத் தெரியாது. அது கடைச்சாமான் மோகம். இணையக் கடையில் ராம்போ கத்தி, கையில் கட்டும் பாராகார்ட் கயிறு, நெருப்புக் கல், இராணுவ வண்ணத்தில் பெரிய முதுகுப்பை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி எண்ணூறு வெள்ளி செலவழித்து இவ்வளவும் வாங்கிக் காரின் பின்னால் வைத்திருக்கிறான். அமெரிக்கக் காட்டில் பனியில் மாட்டிக்கொண்டால் அவன் பிழைத்துக்கொள்வான். அவன் இருப்பதோ பூச்சோங்கில், பதினோராம் மாடியில். மின்சாரம் போனால் தண்ணீர் இறைக்கும் பம்பும் நிற்கும், மின்தூக்கியும் நிற்கும். அவனுடைய அம்மாவுக்கு முழங்கால் வலி. நெருப்புக் கல்லை வைத்து அம்மாவைப் பதினொரு மாடி எப்படி இறக்குவது? தயார்நிலை என்பது உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று யோசிப்பது. யோசிக்கச் சோம்பல்பட்டவர்கள் சாமான் வாங்குகிறார்கள்.

நான்காவது சாக்கு அறிவுஜீவிகளுடையது. நம் வாசகர்களில் பலரும் இதைத்தான் சொல்வார்கள். "பேரிடர் அரசியல் பிரச்சினை. காட்டை அழித்தது யார்? ஆற்றங்கரையில் வீடு கட்ட அனுமதி கொடுத்தது யார்? அதைக் கேட்காமல் மக்களிடம் டார்ச்லைட் வாங்கச் சொல்வது, பொறுப்பை ஏழைகளின் தலையில் கட்டும் வேலை." இந்த வாதத்தில் பாதி உண்மை. மறுபாதிக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: அனுமதி கொடுத்தவன் யார் என்று கேட்க, கேட்கிறவர் உயிரோடு இருக்க வேண்டும்.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு

நான் உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்தவன். கவிதையை விடக் கணக்கு எனக்குச் சுலபம். ஆகவே இந்தப் பகுதியைக் கணக்காகவே சொல்கிறேன்.

முழங்கால் அளவு தண்ணீர் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அது நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில், அதாவது நாம் சற்று வேகமாக நடக்கும் வேகத்தில் ஓடினால் உங்கள் இரு கால்களின் மீதும் பல கிலோ எடைக்குச் சமமான விசையைத் தொடர்ந்து செலுத்தும். வேகம் இரட்டிப்பானால் விசை இரட்டிப்பு ஆகாது, நான்கு மடங்காகும். அடியில் சேறு, எங்கே சாக்கடை, எங்கே சாலை என்று தெரியாது. ஓடும் தண்ணீர் வெறும் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஒரு பெரியவரைத் தள்ளிவிட முடியும் என்று உலகெங்கும் எச்சரிப்பது இதனால்தான். நடக்கவே வேண்டியிருந்தால் கையில் ஒரு கம்பு வேண்டும். கம்பால் முன்னே தட்டித் தரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடி எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது கார். மைவியின் எடை ஏறத்தாழ ஒரு டன். நீளம் 3.9 மீட்டர், அகலம் 1.7 மீட்டர். காரின் அடித்தட்டுக்கு மேலே 15 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினால் அது விலக்கும் தண்ணீரும் ஏறத்தாழ ஒரு டன். அதாவது கார் மிதக்கத் தொடங்குகிறது. அடித்தட்டே தரையிலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: முப்பது. ஒரு பள்ளிக்கூட அளவுகோலின் நீளம். முன்னால் போன லோரி கடந்துவிட்டது என்பது உங்கள் மைவிக்கு ஆதாரம் ஆகாது. டயர் சாலையை விட்டால் ஸ்டீயரிங் வெறும் அலங்காரம்.

மின்சாரம் இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. நம் வீட்டு மின்பெட்டியில் 'டெஸ்ட்' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு ஒரு சாதனம் இருக்கும். ஆர்சிசிபி என்பார்கள், பழைய ஆட்கள் இஎல்சிபி என்பார்கள். மின்சாரம் கசிந்து மண்ணுக்கோ உங்கள் உடலுக்கோ போகும்போது அதை உணர்ந்து நொடிப்பொழுதில் துண்டிப்பது அதன் வேலை. அதில் மில்லிஆம்பியர் என்று ஓர் எண் இருக்கும். மனித உயிரைக் காக்க 30 அல்லது அதற்குக் கீழே வேண்டும். பல பழைய வீடுகளில் முழு வீட்டுக்கும் சேர்த்து இருப்பது 100. அது வீடு தீப்பிடிக்காமல் காக்கும். உங்கள் இதயத்தைக் காக்கும் என்று நம்ப முடியாது. குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லிஆம்பியர் வேண்டும் என்று நம் நாட்டு மின்விதிமுறையே சொல்கிறது. மாதம் ஒருமுறை அந்த டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். மின்சாரம் நின்றால் சாதனம் உயிரோடு இருக்கிறது. நிற்காவிட்டால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் வாசலுக்கு வரும்போதே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதற்கு அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாட்டிக்கும், ஆறாம் ஆண்டு படிக்கும் தங்கைக்கும். காலடியில் தண்ணீர் நிற்கும்போது பெட்டியைத் தொடக் கூடாது; விட்டுவிட்டு வெளியேறுவதுதான் சரி. வெள்ளம் வடிந்த பிறகு, "எல்லாம் காஞ்சிருச்சு" என்று சுவிட்சைப் போடுகிற அவசரம் இருக்கிறதே, அதற்கும் ஆள் பலியாகியிருக்கிறது.

ஒரு பைக்குள் என்ன

கதவுக்குப் பக்கத்தில் என் வீட்டில் ஒரு பள்ளிப்பை தொங்குகிறது. கைப்பேசிக்கான பவர்பேங்க் போக, மொத்தச் செலவு 130 வெள்ளிக்குள். அதில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காரணத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாத பட்டியலை யாரும் பின்பற்றமாட்டார்கள்.

விசில். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும். விசிலின் கூர்மையான ஒலி மழைச் சத்தத்தையும் கடந்து கேட்கும். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை. குழந்தைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம். மூன்று வெள்ளி கொடுத்து வாங்கும் இதைவிட மலிவான உயிர்க்கருவி எனக்குத் தெரியாது.

தலையில் மாட்டும் டார்ச்லைட். கைப்பேசி விளக்கு இருக்கிறதே என்பவர்களுக்கு: குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது மூன்றாவது கை வேண்டும். நம் தாத்தா பாட்டிகள் இருட்டோடு பால்மரம் வெட்டப் போகும்போது விளக்கைத் தலையில்தான் கட்டியிருந்தார்கள். கை வேலைக்கு, தலை வெளிச்சத்துக்கு. இவ்வளவு எளிய விஷயத்தை இரண்டு தலைமுறையில் மறந்துவிட்டோம்.

பவர்பேங்க். 20,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து, 5,000 கொண்ட என் கைப்பேசிக்கு நான்கு முறை வரும் என்று கணக்குப் போடாதீர்கள். மின்னழுத்தத்தை மாற்றுவதிலேயே மூன்றில் ஒரு பங்கு வீணாகும். இரண்டரை முறை வந்தால் நல்லது. சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தின்றுவிடும். விமான நிலையில் போட்டு, மணிக்கு ஒருமுறை திறந்து, இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போய்விடும் வாய்ப்பு உண்டு.

பேட்டரியில் இயங்கும் சின்ன வானொலி. கைப்பேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். கோபுரம் படுத்தால் இணையமும் படுக்கும். வானொலி அலை அப்போதும் வரும். மின்னல் எஃப்எம் தமிழில் செய்தி சொல்லும். பாட்டியிடம் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அவரிடம் வானொலி ஏற்கெனவே இருக்கும்.

குடிநீர். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் மூன்று லிட்டர். ஐந்து பேர், மூன்று நாள்: 45 லிட்டர். ஒன்றரை லிட்டர் போத்தலில் முப்பது. இது பைக்குள் இருக்காது. வீட்டில் உயரமான அலமாரியில் இருக்கும். குடித்து முடித்த போத்தலை வீசாதீர்கள். மூடி இறுக்கிய வெறும் போத்தல் ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோவைத் தாங்கி மிதக்கும். ஐந்தை ஒரு பைக்குள் திணித்து நெஞ்சோடு கட்டிக்கொண்டால், படகோட்டிகள் போடும் சாதாரண மிதவை அங்கியின் அளவுக்கு மிதப்பு கிடைக்கும். இது லைஃப் ஜாக்கெட் ஆகாது, ஓடும் தண்ணீரில் இறங்குவதற்கான உரிமமும் ஆகாது. கூரையில் மாட்டிக்கொண்ட ஒருவருக்கு ஒன்றுமே இல்லாததை விட மேல்.

சுத்தமான தண்ணீர் தீர்ந்தால், துணியில் வடிகட்டி ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க வையுங்கள். அடுப்பு இல்லையென்றால் வாசனை சேர்க்காத, 5 முதல் 6 விழுக்காடு வீரியமுள்ள குளோராக்ஸ், லிட்டருக்கு இரண்டு சொட்டு. கலக்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெட்ரோலோ தொழிற்சாலைக் கழிவோ கலந்த தண்ணீரை இது எதுவும் சுத்தமாக்காது. வெள்ள நீரில் கால் வைக்க ரப்பர் பூட்ஸ் வேண்டும். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் காலில் உள்ள சின்னப் புண் வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது.

மருந்து. இந்த நாட்டில் நீரிழிவு நோய் விகிதம் இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நிவாரண மையத்தில் அரிசி கிடைக்கும், பாய் கிடைக்கும். அப்பாவின் இன்சுலின் உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு வார மருந்து, மருந்தின் பெயரும் அளவும் எழுதிய ஒரு தாள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாக்களில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். நம் ஊர் மத்தியானம் அதைத் தாண்டும். ஈரத்துணி சுற்றிய மண்சட்டிக்குள், தண்ணீர் படாதபடி வைத்து நிழலில் வைத்தால் சில டிகிரி குறையும்.

கடைசியாக அந்த இரண்டு வெள்ளி பிளாஸ்டிக் பை. பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

இவ்வளவுதான். ராம்போ கத்தி எங்கேயும் வரவில்லை, பாருங்கள்.

கொதித்த தண்ணீரின் அரசியல்

இப்போது அந்த நான்காவது சாக்கின் மறுபாதி. "பொறுப்பை மக்கள் தலையில் கட்டாதே" என்ற வாதத்துக்கு நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. நம் இலக்கியமும் அந்த இடத்துக்குப் போயிருக்கிறது. சயாம் மரண ரயில்.

நேசப் படைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 60,000 போர்க் கைதிகள் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களையும் சேர்த்து ஆசியத் தொழிலாளர்கள் இறந்தது அதைவிடப் பல மடங்கு. இரு தரப்பையும் அடித்தது ஒரே ஜப்பானிய ராணுவம்தான். இரு தரப்புக்கும் ஒரே காடு, ஒரே மழை, 1943-இல் ஒரே காலரா. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானது, கைதிகளின் முகாமில் மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொடாதே, தட்டைக் கொதிநீரில் முக்கு, கழிப்பறைக் குழியைத் தள்ளி வெட்டு என்ற ஒழுங்கு இருந்தது. நம் ஆட்களுக்கு அதைச் சொல்லவும் ஆள் இல்லை, அமைப்பும் இல்லை. தோட்டத்தில் துரையும் கிராணியும் சொன்னதைச் செய்யப் பழக்கப்பட்டவர்களைக் காட்டில் கொண்டுபோய்த் தனியாக விட்டார்கள்.

இது இறந்தவர்கள் மேல் பழி போடுவதல்ல. கொன்றது ராணுவம். ஆனால் அறிவும் ஒழுங்கும் யாரிடம் இருந்தன, யாரிடம் இல்லை என்பதும் அரசியல்தான். வெந்நீர் வைக்கத் தெரிவது ஒரு வர்க்கத்திடம் குவிந்திருந்தது. அந்த அறிவை எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வேலை அல்ல. அது அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலை.

இன்னொன்றும் உண்டு. தெரிந்தவன்தான் கேள்வி கேட்பான். ஆற்றின் நீர்மட்டம் எந்த அளவைத் தாண்டினால் அபாயம் என்று தெரிந்தவர்தான், "நேற்று இரவே தாண்டிவிட்டதே, ஏன் சைரன் ஒலிக்கவில்லை?" என்று சட்டமன்ற உறுப்பினரைக் கேட்க முடியும். தெரியாதவர் அழத்தான் முடியும். ஆயிரம் வெள்ளி உதவித்தொகையைக் கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத்தான் முடியும். 1993-இல் ஹைலண்ட் டவர்ஸ் இடிந்து 48 பேர் செத்தது தொடங்கி ஒவ்வொரு டிசம்பரையும் 'இயற்கையின் சீற்றம்' என்ற இரண்டு சொல்லில் முடித்துவைக்க அரசியல்வாதிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நம் மொழிதானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சீற்றம், தாண்டவம், கோரம். இந்தச் சொற்களில் வடிகால் இல்லை, அனுமதிக் கடிதம் இல்லை, பழுதான பம்பு இல்லை.

எழுத்தாளர்களுக்கு வேலை இருக்கிறது

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளத்தில் ஒவ்வோர் ஆற்றின் நீர்மட்டத்தையும் யாரும் பார்க்கலாம். வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று மூன்று படிகளில் எச்சரிக்கை இருக்கும். மலாயில் வஸ்பாடா என்றால் விழிப்பாயிரு. அமாரான் என்றால் எச்சரிக்கை, பையை எடு. பஹாயா என்றால் ஆபத்து, அதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படி. மலாய் தெரிந்த நமக்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை. ஆனால் பகலில் வீட்டில் தனியாக இருப்பது நாம் அல்ல. பாட்டி இருக்கிறார்.

பாட்டிக்குப் புரியும் தமிழில் இதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்ட யார் இருக்கிறார்கள்? அரசாங்கத் துண்டறிக்கைகளின் தமிழை வாசித்துப் பாருங்கள். 'மின்சுற்று முறிப்பானைச் செயலிழக்கச் செய்யவும்' என்ற ரகம். எங்கள் பாட்டியிடம் வாசித்தால், "யாருக்குடா கால் முறிஞ்சுது?" என்பார். 'கரண்டுப் பெட்டியில பெரிய சுவிட்சைக் கீழே தள்ளு. கால்ல தண்ணி இருந்தா தொடாதே' என்று எழுத ஒரு பொறியாளர் போதாது. மொழி தெரிந்த ஆள் வேண்டும். எந்தச் சொல்லை எங்கே வைத்தால் பதற்றத்தில் இருக்கும் மனிதர் ஒரே வாசிப்பில் பிடித்துக்கொள்வார் என்று தெரிந்த ஆள். அது நாம்தான். ஒரு சொல் அதிகமானாலும் கதை கெட்டுவிடும் என்று இலக்கியக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதாடுகிறோமே, அந்தத் திறமைக்கு இங்கே வேலை இருக்கிறது. இங்கே ஒரு சொல் அதிகமானால் ஆள் போய்விடுவார்.

ஆகவே என் கோரிக்கை. ஒவ்வொரு வாசிப்புக் குழுவும் ஆண்டுக்கு ஒரு சந்திப்பை இதற்கு ஒதுக்கட்டும். அந்த வட்டாரத்தில் எந்த ஆறு, எந்தச் சரிவு, எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், நிவாரண மையமாகத் திறக்கப்படும் பள்ளி எது, நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஒரே பக்கத்தில், பேச்சுத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதட்டும். ஆசிரியர் பெயர் போடத் தேவையில்லை. கோயில் சுவரிலும் தமிழ்ப்பள்ளி அறிவிப்புப் பலகையிலும் பலசரக்குக் கடையிலும் ஒட்டட்டும். கோயில் நிர்வாகம் மறுத்தால் மறுபடி போய்க் கேளுங்கள். மூன்றாவது தடவை தேநீர் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

ஒட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தை வீட்டில் உள்ள பாட்டியிடம் வாசித்துக் காட்டுங்கள். புரியவில்லை என்று சொன்னால் வாதாடாதீர்கள். திருத்தி எழுதுங்கள்.